செம்மண் தடத்துக்கு ஒரு கைப்பிடி

(திண்டிவனத்தில், விழுப்புரம் - திண்டிவனம் வட்டாரச் சைக்கிள் நண்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசலில் நிறுத்தியிருக்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன். நல்ல நல்ல வண்டிகள். டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக், தடித்த டயர், எல்லாம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பார் மட்டும் கடைக்காரர் பெட்டியைப் பிரித்து மாட்டிக் கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பிரேக் லீவர் தரையோடு படுத்துக் கிடக்கிறது. ஹேண்டில்பாரை முன்சக்கரப் போர்க்கோடு இணைக்கிற ஸ்டெம், ஆறடி ஆளுக்கும் ஐந்தடி ஆளுக்கும் ஒரே நீளம். சீட்டை எல்லோரும் ஏற்றி இறக்கிக்கொள்கிறோம். கைபடும் இடத்தைத் தொடுவதே இல்லை.

"சரளையில் வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது", "மணலில் முன்சக்கரம் இழுத்துக்கொண்டு போகிறது", "பாண்டிச்சேரி போய் வருவதற்குள் விரல் மரத்துவிடுகிறது" என்று சொல்கிறவர்கள் அடுத்து கேட்பது, "அப்படியானால் எந்த வண்டி வாங்கலாம்?" என்பதுதான். புது வண்டி வேண்டாம். ஒரு செட் ஆலன் கீ, அரை மணி நேரம், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். சைக்கிளுக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் நம்முடைய தரையைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தில் பெரிய மலைத்தொடர் கிடையாது. அதனால் மவுண்டன் பைக்குக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வானூர், ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த மண்ணில் வாய்க்கால் வாய்க்காலாகக் கீறிவிட்டுப் போகும். பங்குனி பிறந்தால் அதே தடம் காய்ந்து இறுகி, மேலே சின்னச் சின்னச் செம்பூரான் கற்கள் உருண்டுகொண்டிருக்கும். அடியில் கெட்டித் தரை, மேலே உருளும் கல். முன்சக்கரம் வழுக்குவதற்கு இதைவிட வேறு ஏற்பாடு வேண்டியதில்லை.

அங்கிருந்து கொஞ்சம் விலகினால் முந்திரித்தோப்பு. கிளைகள் இடுப்புயரத்துக்குத் தாழ்ந்து கிடக்கும். மரத்துக்கு மரம் நடுவே மாடு போகிற தடம் ஒன்றுதான் இருக்கும். மரக்காணம் பக்கம் போனால் மணல். திண்டிவனத்தைச் சுற்றி ஏரிக்கரைகள்: ஒரு சாண் அகல ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள். செஞ்சிப் பக்கம் பாறைத் தடம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது நமக்கெல்லாம் பெருமை. மராட்டியர் ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது அது ஒன்றுதான். அந்தப் பெருமையைக் காப்பாற்றுவது நம் பொறுப்பும்கூட. அங்கே ராஜகிரி மலைப் படிகளிலும் கோட்டைக்குள்ளும் சைக்கிளை ஏற்றாதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம் அது. காப்புக் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். சுற்றி இருக்கிற ஊர்த் தடங்களே நம் ஆயுசுக்கும் போதும்.

இந்த ஒவ்வொரு தரையும் முன்சக்கரத்திடம் ஒவ்வொன்றைக் கேட்கிறது. உருளும் சரளையில் முன்சக்கரத்தின் மேல் போதிய எடை இருந்தால்தான் டயர் பிடிக்கும். மணலில் அந்த எடையே எதிரி, முன்சக்கரம் புதைந்துவிடும். தோப்பில் அகலமான பார் கிளையில் மாட்டும். அதே அகலம்தான் மழைக் கீறலில் சக்கரம் திமிறும்போது பிடித்து நிறுத்தக் கைகொடுக்கும். ஆகவே எல்லா இடத்துக்கும் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே அளவு என்று ஒன்று கிடையாது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு 800 மில்லிமீட்டர் பாரும் 35 மில்லிமீட்டர் ஸ்டெம்மும்தான் சரி என்று நம் பிள்ளைகள் நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த எண்கள் எங்கே பிறந்தன, எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால் நம் வண்டிக்கு அதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது தானாகப் புரியும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி என்று ஒரு மலைப்பகுதி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள், 1930-கள், 40-களில் செய்த கனமான பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய்ச் சரிவில் இறக்கி ஓட்டினார்கள். ரீபேக் என்ற சரிவில் 1976 அக்டோபரில் முதல் பந்தயம் நடந்தது. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பழைய பிரேக் அந்தச் சரிவில் சூடேறி, ஹப்பிலிருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தச் சரிவுக்கு அந்தப் பெயர். அந்த வண்டிகளில் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர்களும், மோட்டார் சைக்கிளில் வருவது போன்ற அகலமான ஹேண்டில்பாரும் இருந்தன. 1977-இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு ஃபிரேமைச் செய்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களை வைத்துக் கடையே தொடங்கினார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக, முக்கோணமாகப் பற்றவைத்து வரும். அகலமும் பலமும்தான் அப்போது வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விந்தை. 1990-இல் டுராங்கோவில் முதல் உலகப் போட்டி, 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் என்று மவுண்டன் பைக் ஓட்டம் பெரிய பந்தயமாக மாறியபோது, தார்ச்சாலைப் பந்தயத்தின் பழக்கங்கள் உள்ளே நுழைந்தன. முன்னால் குனிந்து நீண்டு படுக்க வேண்டும், காற்றை வெட்ட வேண்டும், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கக் கூடாது. ஸ்டெம் 120, 130 மில்லிமீட்டர் வரை நீண்டது. பார் 560, 580 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. ஏற்றத்துக்கு அது உதவியிருக்கலாம். இறக்கத்தில் ஆளை முன்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோய்த் தொங்கவிட்டது. அந்தப் பழக்கத்திலிருந்து விடுபட ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. ஃபிரேமை முன்னால் நீட்டி ஸ்டெம்மைக் குறைப்பது என்ற எண்ணம் 1990-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. இன்றைக்குத் தட வண்டிகளில் ஸ்டெம் 35 முதல் 50, பார் 760 முதல் 800 என்று வந்து நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டெம்மைக் குறைத்தவர்கள் கூடவே ஃபிரேமை நீட்டினார்கள். முன்போர்க்கின் சாய்வையும் கூட்டினார்கள். 90-களில் 71 பாகையில் செங்குத்தாக நின்ற போர்க் இன்று 65 பாகையை ஒட்டிச் சாய்ந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்த கணக்கு அது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நடுத்தர விலை கியர் சைக்கிள்களோ இன்னும் அந்தப் பழைய கணக்கில்தான் வருகின்றன: செங்குத்தான போர்க், குட்டையான ஃபிரேம், நீளமான ஸ்டெம், குறுகலான பார். இந்த ஃபிரேமில் ஸ்டெம்மை மட்டும் 35-க்கு வெட்டினால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும், முன்சக்கரம் எடையில்லாமல் அலையும். 90 இருக்கிற இடத்தில் 70 அல்லது 60 போடுங்கள். இருபது, முப்பது மில்லிமீட்டர் குறைத்தாலே போதும், வண்டியின் குணம் மாறுவது கைக்குத் தெரியும்.

நம் தாத்தாக்கள் ஓட்டிய வண்டியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் போன்ற கறுப்பு வண்டிகள் இந்த மாவட்டத்தில் எத்தனை ஏரிக்கரைகளில், எத்தனை வரப்புகளில், பின்னால் நெல் மூட்டையோடு ஓடியிருக்கும்! அந்த வண்டியின் போர்க் இன்றைய மவுண்டன் பைக் போல நன்றாகச் சாய்ந்தது. அதன் ஹேண்டில்பார் பின்னோக்கி வளைந்து வந்ததால் பிடிக்கிற கை போர்க்கின் தண்டுக்குப் பின்னால், உடம்புக்கு அருகிலேயே இருந்தது. நிமிர்ந்த உடம்பு, சாய்ந்த போர்க், அருகே கை. மூட்டையோடு கரைமேல் நிதானமாகப் போக அதுதான் வழி. பந்தயக்காரர்கள் சுற்றிவிட்டு மறுபடி வந்து சேர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கறுப்பு வண்டி என்றைக்கும் நின்றுகொண்டிருந்தது.

சரி, ஸ்டெம் நீளம் வண்டியை என்ன செய்கிறது? கை பிடிக்கிற இடம் போர்க்கின் தண்டுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் திருப்பும்போது கை பக்கவாட்டில் நகர வேண்டியிருக்கும். நீள ஸ்டெம்மில் சிறு திருப்பத்துக்கே தோள் முழுவதும் நகரும். திருப்பம் மெதுவாகும், உடம்பு வண்டியோடு சண்டை போடும். குட்டை ஸ்டெம்மில் கை முன்னும் பின்னுமாக நகர்ந்தாலே சக்கரம் உடனே கேட்கும். இது ஒரு பாதி. மறுபாதி எடை. நீள ஸ்டெம் உங்களை முன்னால் இழுத்து முன்சக்கரத்தில் எடையை ஏற்றுகிறது. குட்டை ஸ்டெம் பின்னால் கொண்டுவருகிறது. சரளை வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் எடை போதவில்லை என்று பொருள். மணலில் மூக்கு குத்தினால் எடை கூடிவிட்டது என்று பொருள். இந்த இரண்டில் உங்கள் தடத்தில் எது அடிக்கடி நடக்கிறது என்று பாருங்கள். ஸ்டெம் நீளம் அதிலிருந்து கிடைக்கும்.

சீட்டை முன்னால் தள்ளி இந்தக் கணக்கைச் சரிசெய்யப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. சீட்டின் இடம் முழங்காலுக்கும் பெடலுக்கும் இடையிலான விஷயம். கைக்காக அதை நகர்த்தினால் முழங்கால் வலியில் கொண்டுபோய் விடும்.

அகலத்துக்கு வருவோம். தரையில் தண்டால் எடுக்கக் கையை ஊன்றுங்கள். எங்கே ஊன்றினால் தோளுக்குப் பலமாக, இயல்பாக இருக்கிறதோ அங்கே நிறுத்தி, ஒரு கையின் வெளி ஓரத்திலிருந்து மறு கையின் வெளி ஓரம் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் பாருக்கான தொடக்க அளவு அதுதான். நம்மில் பலருக்கு அது 680-க்கும் 740-க்கும் நடுவே எங்காவது வரும். சிறிய தோள் உள்ள பெண்பிள்ளைகளுக்கு அதைவிடக் குறையலாம். அளவுக்கு மீறி அகலமான பாரில் கை விரிந்து முழங்கை மடங்க இடமில்லாமல் போகும். முழங்கை மடங்காவிட்டால் பள்ளத்தின் அடி நேரே தோளில் இறங்கும். அகலம் கூடக் கூட மார்பும் தானாகக் கீழே குனியும். அதனால் அகலமான பார் போடுகிறவர்கள் அதோடு ஸ்டெம்மைக் கொஞ்சம் குறைப்பது நல்லது.

முந்திரித்தோப்பில் ஓட்டுகிறவர்கள் பாரை வெட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டு பக்கமும் கிரிப்பையும் லீவரையும் பத்து பத்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. தீர்மானம் ஆனபிறகு, குழாய் வெட்டுகிற கட்டரால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து மழுக்கி, கட்டாயம் மூடி போடுங்கள். கிரிப் கிழிந்து குழாயின் வாய் வெளியே தெரிகிற நிலையில் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிள்களை ஊரில் எங்கும் பார்க்கிறேன். விழும்போது ஹேண்டில் திரும்பி அந்தத் திறந்த குழாய் வயிற்றில் குத்தும். உள்ளுறுப்புகள் கிழிகிற அளவுக்குக் காயம் படும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு ரப்பர் மூடிக்கு என்ன விலை? இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் வண்டியை முதலில் பாருங்கள்.

உயரம். தாழ்ந்த பார் முன்சக்கரத்தில் எடை ஏற்றும், ஏற்றத்தில் மூக்கு தூக்காமல் பார்க்கும், எதிர்க்காற்றில் உதவும். திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பிற்பகலில் போகிறவர்களுக்குக் கடற்காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். அப்போது இரண்டு சென்டிமீட்டர் தாழ்வு கூடப் பெரிய ஆறுதல். உயர்ந்த பார் இறக்கத்தில் தைரியம் தரும், முதுகையும் கையையும் காக்கும். சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், பெரிய சக்கரத்தால் உயர்ந்துபோன பாரை இறக்குவதற்காகக் கீழ்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம்மை மாட்டி ஓட்டினார். அவருடைய முதுகும் பயிற்சியும் வேறு. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் அதைப் பார்த்து இறக்கக் கூடாது.

உயரத்தை மாற்ற இரண்டு வழி உண்டு. ஸ்டெம்முக்குக் கீழும் மேலும் இருக்கிற வளையங்களை இடம் மாற்றுவது ஒன்று. 10 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை ஸ்டெம்முக்குக் கீழே சேர்த்தால் பார் 9 மில்லிமீட்டர் ஏறும். போர்க் சாய்வாக இருப்பதால் கூடவே 4 மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னாலும் வரும். ஸ்டெம்மைக் கவிழ்த்துப் போடுவது இன்னொன்று. 7 பாகை கோணமுள்ள 80 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கவிழ்த்தால் சுமார் 18 மில்லிமீட்டர் இறங்கும். காசு செலவே இல்லாத மாற்றம் இது. பிடிக்காவிட்டால் மறுபடி நிமிர்த்திக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னால் பழைய நிலையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இனி கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறது என்று சொல்கிறவர்கள் இங்கேயே பல பேர் இருப்பீர்கள். மணிக்கட்டின் வெளிப்பக்கம், உள்ளங்கையின் அடியில் அல்நார் என்ற நரம்பு போகிறது. உடம்பின் எடையை அந்த ஓரத்தில் ஊன்றி மணிக்கணக்கில் ஓட்டினால் நரம்பு நசுங்கி அந்த இரண்டு விரலும் உணர்வு இழக்கும். உடனே ஜெல் கையுறை வாங்க ஓடாதீர்கள். முதலில் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு வழுக்கி வந்து முழு எடையும் கையில் இறங்கும். பிறகு பாரை ஸ்டெம்முக்குள் உருட்டிப் பாருங்கள். மவுண்டன் பைக் பாரின் முனைகள் பின்னோக்கி 7 முதல் 9 பாகை வளைந்திருக்கும், கொஞ்சம் மேலும் வளைந்திருக்கும். அந்த வளைவு உள்ளங்கை முழுவதும் படிகிற மாதிரி நிற்க வேண்டும். பாரை அளவுக்கு மீறிப் பின்னால் உருட்டி வைத்தால் முனை கீழே பார்க்கும், வெளி ஓரத்தில் பாரம் ஏறும். கால் அங்குலம் உருட்டினாலே வித்தியாசம் தெரியும். எல்லாம் சரியாக இருந்தும் மரத்துப்போவது நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். நரம்பு விஷயத்தில் விளையாட வேண்டாம்.

பிரேக் லீவர். வண்டியில் உட்கார்ந்து பார்த்து வைக்கக் கூடாது. தடத்தில் எப்படி நிற்பீர்களோ அப்படி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நின்று, முழங்கையை மடக்கி, விரலை நீட்டுங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் லீவரைத் தொட வேண்டும். பலருக்கு அது கீழ்நோக்கி 30 முதல் 45 பாகையில் அமையும். செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுகிறவர்கள் லீவரை இன்னும் படுக்கையாக வைப்பதுண்டு, ஆனால் நம்முடைய சமதளத்துக்கு அது வேண்டியதில்லை. லீவரின் கிளாம்பைக் கிரிப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளினால் ஆள்காட்டி விரல் லீவரின் நுனியில் விழும். நுனியில் பிடித்தால் ஒரு விரலே போதும், மற்ற மூன்று விரலும் பாரைப் பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல லீவர்களில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருகினால் லீவர் பாருக்கு அருகே வரும். கை சிறிதாக இருக்கும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் விரலை எட்டி எட்டிப் பிரேக் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. அந்தத் திருகு இருப்பதைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் சொன்னேன். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஹேண்டில் கப்பில் ஆட்டம். உள்ளே பால்ரஸ் லூசாக இருந்தால் என்ன ஸ்டெம் போட்டும் பயனில்லை.

முன்பிரேக்கை இறுகப் பிடியுங்கள். மறு கையின் விரலை, ஃபிரேமும் கப்பும் சேருகிற அந்த மெல்லிய இடுக்கில் வையுங்கள். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலுக்கு அடியில் கிடுக் கிடுக்கென்று அசைவு தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது. ஷாக்கிலிருந்தும், தேய்ந்த பிரேக் பேடிலிருந்தும் சத்தம் வரலாம். அதனால் காதை நம்பாமல் விரலை நம்புங்கள். சரிசெய்கிற முறையில் வரிசை முக்கியம். ஸ்டெம்மின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அவற்றைத் தளர்த்தாமல் மேல்மூடி போல்ட்டைத் திருகுகிறவர்கள்தான் அதிகம். அது மரையைத்தான் கெடுக்கும். தளர்த்திய பிறகு மேல்மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆட்டம் நிற்கிற வரை மட்டும் திருகுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை விட்டால் அது தானாக ஒரு பக்கம் சாய வேண்டும். சாயாமல் கடித்துக்கொண்டு நின்றால் இறுக்கம் கூடிவிட்டது. பிறகு பாரையும் முன்சக்கரத்தையும் நேர்பார்த்து, பக்கப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பக்கப் போல்ட்டுகள்தான். மேல்மூடியின் வேலை ஆட்டத்தை எடுப்பதோடு முடிந்தது.

எவ்வளவு இறுக்குவது? ஸ்டெம்மின் மேலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்: 5 நியூட்டன் மீட்டர், 6 நியூட்டன் மீட்டர் என்று. டார்க் ஸ்பேனர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஆலன் கீயின் கைப்பிடியில், போல்ட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில், ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு கையால் தூக்குகிற அளவு விசை கொடுத்தால் ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர் வரும். அதற்கு மேல் குழாய் மாட்டி நீட்டி இறுக்காதீர்கள். பாரைப் பிடிக்கிற முன்மூடியில் நான்கு போல்ட் இருக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக இருக்கட்டும். சில ஸ்டெம்களில் மேல்பக்கம் முழுக்க மூடித்தான் இறுக்க வேண்டும். அப்படிப்பட்டதில் அதை எழுதியே இருப்பார்கள்.

கீயை நுழைக்கும் முன் போல்ட்டின் தலையைப் பாருங்கள். நம் ஊரில் மழைக்காலம் முடிந்தால் அந்த அறுகோணக் குழிக்குள் செம்மண் அடைத்துக் காய்ந்து இறுகியிருக்கும். கீ பாதிதான் உள்ளே இறங்கும், திருகினால் நழுவி விளிம்பைத் தேய்த்துவிடும். ஊசியால் மண்ணைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கீ அடிவரை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள். விழுந்து வளைந்த அலுமினியப் பாரை நிமிர்த்தி மாட்டாதீர்கள். நிமிர்த்திய இடம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

பள்ளியில் அரசு கொடுக்கும் சைக்கிளில் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வண்டியின் ஸ்டெம் வேறு வகை. போர்க் குழாய்க்குள் ஒரு தண்டாக இறங்கி, உள்ளே ஒரு ஆப்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மேலே இருக்கிற நீள போல்ட்டைத் தளர்த்தி, அதன் தலையில் மரத்துண்டு வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு விடும். ஹேண்டிலை ஏற்றலாம், இறக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து கிரீஸ் தடவி மாட்டுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. வளர்ந்துவிட்டோம் என்று ஹேண்டிலை அதற்கு மேல் ஏற்றி ஓட்டுகிற பையன்களை விழுப்புரம் பஸ் நிலையத்துப் பக்கமும் பார்க்கிறேன், இங்கே நேரு வீதியிலும் பார்க்கிறேன். கோட்டுக்கு மேல் ஏற்றினால் உள்ளே பிடித்துக்கொள்ள இரும்பு போதாது. ஒரு பள்ளத்தில் தண்டு பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது போர்க் குழாய் பிளக்கும். உயரம் வேண்டுமென்றால் மேல்நோக்கி வளைந்த வேறு ஹேண்டில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் போட்டி நம் பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரம் பொன்முடியில் நடந்தது. அப்படி ஒரு போட்டிக்கு இந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒருநாள் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. போகட்டும். அதற்கு முன்னால் இன்றைய வேலை இருக்கிறது. வெளியே மேசைமேல் ஆலன் கீ, டேப், ஊசி, எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். அரசு சைக்கிளில் வந்தவர்கள் முதலில் வாருங்கள், அந்தக் கோட்டைப் பார்த்துவிடுவோம். மற்றவர்கள் அதுவரைக்கும் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இருக்கிறவர்கள் இடப்பக்க வரிசையில் நில்லுங்கள்.